ஆறு நிமிடம்

கிராண்ட் மரேயில் வக்கீல்கள் மூவர்.
முதலாமவர் என்னைக் கோட்டைக்கூடக் கழற்றவிடவில்லை.
"மன்னியுங்கள் மார்லிஸ். உங்கள் கணவர்
செவ்வாய்க்கிழமை வந்து
அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.
இனி உங்கள் பக்கத்தை நான் கேட்கக்கூடாது."
இரண்டாமவரிடம் புதன்கிழமை.
மூன்றாமவரிடம் வியாழன், என் பிறந்தநாள்.
கேக் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.
கேக்கும் வந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில்
வெர்ன் இத்தனை முன்யோசனையோடு செய்த காரியம்
வேறொன்று நினைவில்லை.

ஆகவே டுலூத்.
ஏரியோரமாகவே இரண்டு மணி நேரம்.
டயர் கடைக்கு மேல் மாடியில் ரெனே ஸ்டோர்விக்.
மீன் விற்பவளைப் போல
மூடிமறைக்காமல் விலை சொன்னார்:
முன்பணம் நாலாயிரத்து ஐந்நூறு.
மணிக்கு இருநூற்று எண்பது.
மணியைப் பத்தாக நறுக்குவோம்,
துண்டுக்கு ஆறு நிமிடம்,
ஏழாவது நிமிடம் தொட்டால் அடுத்த துண்டு.
மொத்தம் எவ்வளவு ஆகும் என்றேன்.
"அது உங்கள் கணவரைப் பொறுத்தது."
எதுதான் அவனைப் பொறுத்ததாக இல்லை.

பள்ளிச் சமையலறையில் எனக்கு
மணிக்குப் பத்தொன்பது டாலர் நாற்பது சென்ட்.
உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்.
அவருடைய ஆறு நிமிடம்
என்னுடைய எண்பத்தாறு.
இருநூறு பிள்ளைகளின் மதியச் சாப்பாடு
அவர் ஒரு கடிதத்தில்
என் பெயரை எழுதி முடிப்பதற்குள் கரைந்துவிடும்.

முதல் தொலைபேசியிலேயே அழுதுவிட்டேன்.
மாதக் கடைசியில் பில் வந்தது:
கட்சிக்காரருடன் உரையாடல், மூன்று துண்டு,
எண்பத்து நான்கு டாலர்.
அதில் ஒரு துண்டு முழுக்க
அவர் எனக்கு ஆறுதல் சொன்னது.
ஆறுதலுக்கும் ஆறு.

அதன்பின் எழுதிவைத்துக்கொண்டுதான் அழைக்கிறேன்.
நலமா கிடையாது. வானிலை கிடையாது.
"கேபின் பத்திரம் கிடைத்தது.
அவன் ஓய்வூதியத் தாள் கிடைக்கவில்லை. வைக்கிறேன்."
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
மீதி நான்கு நிமிடம் இருபது நொடியும்
காசு கொடுத்து வாங்கியதுதான்.
பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவியில்
அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

நாய் யாருக்கு என்று
மூன்று கடிதங்கள் போய்வந்தன.
பதினொரு துண்டு, முந்நூற்று எட்டு டாலர்.
காப்பகத்தில் அதை அறுபதுக்கு எடுத்தோம்.
சுண்டைக்காயைவிடச் சுமைகூலி ஐந்து மடங்கு.
பிக்சிக்கு ஒரு காது கேட்காது,
யார் கூப்பிட்டாலும் பாதி தூரம்தான் வரும்.

விசாரணை ஜனவரி பதினான்கு, காலை ஒன்பதரை.
வழிப்பயணத்துக்குப் பாதி விலை.
போக இரண்டு, திரும்ப இரண்டு,
ஐந்நூற்று அறுபது என்று
ரசீதின் பின்புறம் எழுதியிருந்தேன்.
பனியை எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு ரெனேயிடமிருந்து செய்தி:
டோஃப்டே தாண்டிவிட்டேன்,
முன்னால் பனி தள்ளும் லாரி, முந்த வழியில்லை.

அந்தச் சாலையில் அந்த நேரத்தில்
யார் பனி தள்ளுவான் என்று எனக்குத் தெரியும்.
இரவு ஷிஃப்ட் முடித்து
நேராக விசாரணைக்கு வருகிறான்.
அவசரப்பட மாட்டான். இருபத்தைந்து மைல் வேகம்,
தார் தெரியும்வரை, ஓரம்வரை சுரண்டிக்கொண்டு.
அவனுக்கும் மணிக்கூலிதான்,
பனி நாளில் ஒன்றரை மடங்கு.
நான் ஜன்னலோரம் நின்று
ஆறு நிமிடத்துக்குப் பதினான்கு டாலர் என்று
கூட்டிக்கொண்டே இருந்தேன்.

பத்து பத்துக்கு மஞ்சள் விளக்கு சுழன்று வந்தது,
பின்னால் வாத்துக்குஞ்சு போல ரெனேயின் கார்.

வெர்ன் லாரியை நிறுத்தவில்லை.
நீதிமன்ற வாசலில் யாரோ மறந்துவிட்டிருந்த பனியை
யாரும் கேட்காமல்
ஒருமுறை போய், ஒருமுறை திரும்பி,
படிக்கட்டு வரை தள்ளிவிட்டு
அப்புறம்தான் இறங்கினான்.

ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.